கையெழுத்து சொல்வதும் அடிப்பாகம் சொல்வதும்: பழைய கலைக்கண்ணாடிக்கு வயது காண்பது

வண்ணக்குடுவை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசித்து வருகிறேன், எழுதுவது முதல் தடவை. என் பெரியப்பா சேர்த்து வைத்திருந்த கலைக்கண்ணாடிப் பொருள்கள் இப்போது என் பொறுப்பில் இருக்கின்றன. மொத்தம் பதினேழு. எல்லாவற்றைப் பற்றியும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். மூன்றைப் பற்றி மட்டும் கேட்க வேண்டும்.

முதலாவது, 22 செ.மீ. உயரப் பூச்சாடி. பச்சை உடல், அதன்மேல் மயில்கழுத்து மாதிரி நீலமும் பொன்னும் மாறி மாறித் தெரிகிற பளபளப்பு. அடியில் 'லோட்ஸ் ஆஸ்ட்ரியா' என்று கீறியிருக்கிறது. இரண்டாவது, மஞ்சள் பின்னணியில் பழுப்பு மரங்களும் ஒரு ஏரியும் புடைப்பாகத் தெரியும் சாடி. பக்கவாட்டில் 'காலே' என்று புடைப்பெழுத்து. மூன்றாவது சின்னக் கிண்ணம். கீழே எலுமிச்சை மஞ்சள், விளிம்பை நோக்கிப் போகப்போக இளஞ்சிவப்பு, மேற்பரப்பு மெழுகு பூசியதுபோல் மங்கல். யூவி (புற ஊதா) டார்ச் அடித்தால் பச்சையாக ஒளிர்கிறது. பெயர் எதுவும் இல்லை.

மூன்றையுமே பெரியப்பா '1900 வாக்கில்' என்று குறித்திருக்கிறார். பெயருள்ள இரண்டும் சரியாகத்தான் இருக்கும். பெயரில்லாத கிண்ணத்துக்கு எப்படி வயது கண்டுபிடிப்பது?

பழையபெட்டி எழுதியது:

வாங்க, வணக்கம். நோட்டு இருக்கிறது என்பதே பெரிய விஷயம். அதில் தப்பான குறிப்பு இருந்தாலும் பத்திரமாக வையுங்கள். எது எப்போது வந்தது, எதனோடு சேர்ந்து வந்தது என்ற தகவல் வேறு எங்கேயும் கிடைக்காது.

ஆனால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். பெயருள்ள இரண்டையும் முதலில் திருப்பிப் பாருங்கள். லோட்ஸ் ஆலை பொஹீமியாவில் (இன்றைய செக் நாட்டில்) இருந்தது, கிளாஸ்டர்ஸ்கி ம்லீன் என்ற ஊரில். அங்கிருந்து வெளிவந்த சாடிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கையெழுத்தே கிடையாது. ஏற்றுமதிக்குப் போனவற்றில்தான் பெயர் கீறினார்கள், அதுவும் எல்லாவற்றிலும் இல்லை. 'ஆஸ்ட்ரியா' என்ற சொல் அங்கே வருவதற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவின் 1890 சுங்கச் சட்டப்படி, 1891 முதல் உள்ளே வரும் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும். பொஹீமியா அன்று ஆஸ்திரிய ஹங்கேரிப் பேரரசுக்குள் இருந்தது. 1918 அக்டோபரில் செக்கோஸ்லோவாகியா பிறந்த பிறகு அந்தப் பெயர் வந்துவிடுகிறது. ஆக, உங்கள் சாடியில் இருப்பது உண்மையான எழுத்து என்றால் அது 1891க்கும் 1918க்கும் நடுவில். 'உண்மையான எழுத்து என்றால்' என்பதுதான் இங்கே கேள்வி.

உருக்கிய கலவையை யாரும் பின்னால் மாற்ற முடியாது. ஊதிய விதத்தை மாற்ற முடியாது. நூறு வருடம் மேசையில் உட்கார்ந்து எழுந்த தேய்மானத்தைப் போலியாக உண்டாக்குவது கஷ்டம். பெயரைச் சேர்ப்பது மட்டும் அரை நிமிட வேலை. அதனால்தான் நான் பெயரைக் கடைசியில் படிக்கிறேன்.

மூன்றின் அடிப்பாகத்தையும் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னலோரம் போதும்.

வண்ணக்குடுவை எழுதியது:

படங்கள் இணைத்திருக்கிறேன். லோட்ஸ் சாடியின் அடி நடுவில் வட்டமான பள்ளம் இருக்கிறது, கட்டைவிரலை வைத்து அழுத்திய மாதிரி. உள்ளே வழவழப்பாக, லென்ஸ் போல மெருகேறியிருக்கிறது. கிண்ணத்தின் அடியில் அப்படி எதுவும் இல்லை, ஒரு வளையம் மட்டும். இந்தப் பள்ளம் எதற்கு?

ஊதுகுழல் எழுதியது:

நான் உலையில் வேலை செய்கிறவன், அதனால் இதை நான் சொல்கிறேன்.

குழலின் நுனியில் உருகிய கண்ணாடியை எடுத்து ஊதும்போது, சாடியின் வாய் இருக்க வேண்டிய பக்கம்தான் குழலோடு ஒட்டியிருக்கும். வாயை விரித்து வடிவம் கொடுக்க வேண்டுமானால் அந்தப் பக்கத்தை விடுவிக்க வேண்டும். அதற்காக வேறொரு இரும்புத் தண்டின் முனையில் ஒரு சொட்டுச் சூடான கண்ணாடி வைத்து, சாடியின் அடியில் ஒட்டுவோம். அந்தத் தண்டுதான் பான்டில். ஒட்டியதும் கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், குழல் 'டக்' என்று விட்டுவிடும். இப்போது சாடி தலைகீழாகத் தண்டில் நிற்கிறது. மறுபடி உலை வாயில் காட்டி விளிம்பை இளக்கி வேலையை முடிக்கிறோம். கடைசியில் தண்டை ஒரு தட்டுத் தட்டினால் சாடி கழன்று வரும். ஒட்டியிருந்த இடத்தில் கூரான ஒரு தழும்பு மிஞ்சும்.

அப்படியே விட்டால் கரடுமுரடான தழும்பு. மேசையைக் கீறும், சாடி நேராகவும் நிற்காது. நல்ல பட்டறைகளில் அதைச் சக்கரத்தில் அரைத்து மெருகேற்றுவார்கள். நீங்கள் பார்க்கிற பள்ளம் அதுதான்.

இதை வைத்து மட்டும் வயது சொல்லிவிடாதீர்கள். நேற்று நான் செய்த சாடியிலும் இதே பள்ளம் இருக்கிறது. கையால் முடித்த வேலை என்பதை மட்டும் அது உறுதியாகச் சொல்கிறது. தழும்பு இல்லை என்றால் இரண்டு வாய்ப்பு. அச்சில் அழுத்திய கண்ணாடியாக இருக்கலாம். அல்லது அடியை இடுக்கி போன்ற பிடியில் பிடித்து விளிம்பை முடித்திருக்கலாம். அந்த மாதிரிப் பிடிகள் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவலாகிவிட்டன.

அப்புறம் அச்சுக்கோடு. பக்கவாட்டில் நகத்தால் தடவிப் பாருங்கள். மெல்லிய மேடு தட்டுப்பட்டால் அச்சில் வந்தது. அச்சுக்குள் ஊதியதா, அச்சில் அழுத்தியதா என்று தெரிய உள்பக்கம் விரலை விடுங்கள். வெளியே மேடாக இருக்கிற இடத்தில் உள்ளே குழிந்திருந்தால் ஊதியது. உள்ளே வழவழப்பாகவே இருந்தால் அழுத்தியது.

மாடவிளக்கு எழுதியது:

பெயரைக் கடைசியில் படிக்கச் சொல்வது எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. நான் லாலிக் என்ற பிரெஞ்சுப் பட்டறையின் கண்ணாடிப் பொருள்களைச் சேர்க்கிறேன். ரெனே லாலிக் 1945 மே மாதம் காலமானார். அதுவரை 'ஆர். லாலிக்', அதன் பிறகு முன்னால் இருந்த அந்த ஓர் எழுத்து இல்லை. ஓர் எழுத்தை வைத்தே போருக்கு முன்னா பின்னா என்று பிரித்துவிடலாம். இதைவிடத் தெளிவான அளவுகோல் என்ன வேண்டும்?

அரக்குமுத்திரை எழுதியது:

மாடவிளக்கு சார், விதி சரிதான். எழுத்து இல்லாவிட்டால் போருக்குப் பின் என்பதை ஓரளவு நம்பலாம். மறுபக்கம்தான் ஆபத்து. 'லாலிக்' என்று மட்டும் இருந்ததற்கு முன்னால் 'ஆர்' கீறி விட்டால் அது ஒரே நாளில் இருபது முப்பது வருடம் பழையதாகிவிடுகிறது. பழைய வடிவங்கள் சில போருக்குப் பிறகும் தொடர்ந்து வந்ததால் உருவத்தைப் பார்த்தும் பிடிக்க முடியாது. நான் ஏமாந்திருக்கிறேன். நல்ல வெளிச்சத்தில் பார்க்காமல் வாங்கி வந்து, வீட்டில் லென்ஸ் வைத்தபோது முதல் எழுத்து மட்டும் வேறு ஆழத்தில் இருந்தது.

கண்ணாடியின் உடலையே கேட்கலாம். தந்தைக்குப் பிறகு பொறுப்பேற்ற மார்க் லாலிக் முழு ஈயக் கிரிஸ்டலுக்கு மாறினார். ரெனே காலத்தில் ஈயம் அதில் பாதி அளவே இருந்த கலவை. ஈயம் கூடினால் அடர்த்தி கூடும். சாதாரணச் சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடி தண்ணீரைப் போல 2.5 மடங்கு கனம். 24 சதவீத ஈயக் கிரிஸ்டல் 2.9க்கு மேல் போகும்.

வீட்டிலேயே அளக்கலாம். முதலில் பொருளின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி எடைமெஷின் மேல் வைத்து, மெஷினைப் பூஜ்யமாக்குங்கள். பொருளை உறுதியான நூலில் கட்டி, முழுவதும் தண்ணீருக்குள் போகும்படி, ஆனால் பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். மெஷின் எத்தனை கிராம் காட்டுகிறதோ, அது பொருள் ஒதுக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. உள்ளே காற்றுக்குமிழ் அடைபட்டிருந்தால் கணக்குத் தப்பும், சாய்த்துச் சாய்த்து வெளியேற்றிவிட வேண்டும். காகித லேபிள் ஒட்டியது, பொன் பூச்சுள்ளது, விரிசல் உள்ளது எதையும் தண்ணீரில் விடாதீர்கள். பழைய லேபிள் கையெழுத்தைவிட முக்கியமான சாட்சி.

மாடவிளக்கு எழுதியது:

நேற்று இரவு செய்து பார்த்தேன். நான் 1930கள் என்று வைத்திருந்த ஒரு சாடி. எடை 840 கிராம். தண்ணீரில் மெஷின் காட்டியது 286. வகுத்தால் 2.94. மூன்று தடவை அளந்தும் அதே எண். 'ஆர்' என்ற எழுத்தை லென்ஸில் பார்த்தேன். மற்ற எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கிறது, அது மட்டும் கூராக இருக்கிறது.

பதினோரு வருடமாக அதைப் போருக்கு முந்தைய வரிசையில் வைத்திருந்தேன். இடம் மாற்றிவிட்டேன். அரக்குமுத்திரைக்கு நன்றி.

பழையபெட்டி எழுதியது:

மாடவிளக்கு, இதை இங்கே வந்து சொன்னதற்கு மரியாதை. இப்போது காலே சாடிக்கு வருவோம்.

வண்ணக்குடுவை, எமில் காலே என்ற பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் 1904இல் இறந்தார். அவருக்குப் பிறகு நான்ஸி நகரத்து ஆலை தொடர்ந்து நடந்தது. 1904க்குப் பின் சில காலம் பெயரோடு ஒரு சின்ன நட்சத்திரம் சேர்த்தார்கள். பிறகு நட்சத்திரம் போய், 1930களில் ஆலை மூடும் வரை பெயர் மட்டும். எனவே உண்மையான காலே சாடியில் அவர் பெயர் இருப்பதால் அவர் கை பட்டது என்று பொருளில்லை.

அதைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ருமேனியாவில் காலே பாணியில் நிறையச் சாடிகள் செய்தார்கள். செய்தவர்கள் ஒளிவுமறைவாகச் செய்யவில்லை. பெயருக்குப் பக்கத்தில் 'டிப்' (Tip) என்று மூன்றெழுத்துப் புடைப்பாக வைத்தார்கள். அந்த மொழியில் 'வகை' என்று பொருள். காலே வகைச் சாடி, அவ்வளவுதான். நாணயமான வேலை. கைமாறும்போது வழியில் யாரோ அந்த மூன்றெழுத்தை மட்டும் அரைத்து எடுத்துவிடுகிறார்கள்.

பெயரைச் சுற்றி ஒரு விரல்கடை தூரம் வரை லென்ஸில் பாருங்கள். வலது, இடது, மேலே, எல்லாப் பக்கமும். எழுத்து இருக்கிறதா என்று தேடாதீர்கள், பின்னணியைப் பாருங்கள். அமிலம் அரித்த பின்னணியில் ஒரே சீரான பொடிக் கரகரப்பு இருக்கும். அரைத்த இடத்தில் அது உடைந்திருக்கும்.

வண்ணக்குடுவை எழுதியது:

பார்த்தேன்.

விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை மேசையில் படுக்கப் போட்டு, சாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். பெயரைச் சுற்றி எல்லா இடத்திலும் பன்னீரைத் தெளித்துக் காய்ந்த மாதிரி ஒரே பொடி மினுக்கம். பெயருக்கு வலதுபுறம், சற்று மேலே, நகத்தின் அகலத்துக்கு ஒரு இடத்தில் மட்டும் மினுக்கம் இல்லை. வழவழப்பாக, எண்ணெய்க் கறை போல. விரலை வைத்தால் சிறு பள்ளம். லென்ஸில் பார்த்தால் உள்ளே மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே திசையில். கோடுகளின் ஓரத்தில் பழுப்பு நிறம் இழைபோல் மிஞ்சியிருக்கிறது. மரங்களின் அதே பழுப்பு.

எழுத்துகள் இருந்த இடம்தான், இல்லையா?

பழையபெட்டி எழுதியது:

ஆமாம் அம்மா. அந்தப் பழுப்பு இழைதான் கடைசி சாட்சி. கேமியோ வேலை என்பது வேறு வேறு நிறக் கண்ணாடியை அடுக்காக ஊதி, வேண்டிய இடத்தை மூடிவிட்டு மற்றதை அமிலத்தில் அரித்து எடுப்பது. மேலடுக்குப் பழுப்பு மிஞ்சுவது மூடி வைத்த இடத்தில் மட்டும். மரம் இருந்த இடம், பெயர் இருந்த இடம். வெறும் பின்னணியாக இருந்திருந்தால் அங்கே பழுப்பு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏதோ ஒன்று அங்கே புடைப்பாக இருந்திருக்கிறது.

சாடி மோசம் என்று நினைக்காதீர்கள். மரங்களின் பின்னால் ஏரி மங்குகிற இடத்தைப் படத்தில் பார்த்தேன், கை தேர்ந்தவர் செய்தது. செய்தவர் பொய் சொல்லவில்லை. அந்த மூன்றெழுத்தை அழித்தவர்தான் பொய் சொன்னார்.

நீலத்துகள் எழுதியது:

கிண்ணத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன், அது என் பேட்டை.

கீழே மஞ்சள், மேலே இளஞ்சிவப்பு, யூவியில் பச்சை ஒளிர்வு. இது பர்மீஸ் என்ற வகை. கலவையில் யுரேனியமும் தங்கமும் இருக்கும். யுரேனியம் மஞ்சளைக் கொடுக்கிறது. விளிம்பை மறுபடி சூடாக்கும்போது தங்கம் சிவப்பைக் கொண்டுவருகிறது. 1885இல் அமெரிக்காவின் மவுண்ட் வாஷிங்டன் கம்பெனியில் ஃபிரெடெரிக் ஷெர்லி காப்புரிமை பெற்றது. இங்கிலாந்தில் தாமஸ் வெப் உரிமம் வாங்கிச் செய்தார்கள். அதனால் பெரியப்பா '1900 வாக்கில்' என்று எழுதியதில் தப்பில்லை.

ஆனால் ஒளிர்வு வயது சொல்லாது. யுரேனியக் கண்ணாடி 1830களிலிருந்து இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் யுரேனியம் கட்டுப்பாட்டுக்குள் போனதால் அமெரிக்காவில் நின்றது, 1958இல் மறுபடி தொடங்கியது. ஃபென்டன் கம்பெனி 1970இல் பர்மீஸைத் திரும்பக் கொண்டுவந்தது. எண்பத்தைந்து வருட இடைவெளியில் செய்த இரண்டு கிண்ணங்கள் டார்ச்சுக்குக் கீழே ஒரே மாதிரி ஒளிரும்.

இங்கே தழும்பு உதவும். பழைய பர்மீஸ் பெரும்பாலும் அரைத்து மெருகேற்றிய பான்டிலோடு வரும். ஃபென்டன் பொதுவாகப் பிடியில் பிடித்து முடிப்பார்கள், அடியில் தழும்பு இருக்காது. உங்கள் படத்தில் வெறும் வளையம்தான். ஃபென்டன் முத்திரை ஒரு முட்டை வடிவக் கோட்டுக்குள் பெயர். கார்னிவல் என்ற பளபளப்புப் பூச்சுள்ள அச்சுக்கண்ணாடியில் 1970 முதல், கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் 1974 வாக்கில். 1980களில் அதற்குள் 8 என்ற எண்ணும், 1990களில் 9உம் சேர்ந்தன. மங்கல் மேற்பரப்பில் இந்த முத்திரை சுலபமாகக் கண்ணில் படாது. சாய்வு வெளிச்சத்தில் அடியை இன்னொரு தடவை பாருங்கள்.

டார்ச் விஷயத்தில் எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை. மங்கலான பச்சை ஒளிர்வு எல்லாம் யுரேனியம் இல்லை. பச்சைச் சாயலை நீக்க மாங்கனீஸ் சேர்த்த பழைய நிறமில்லாக் கண்ணாடியும் வெளிறிய பச்சையாக ஒளிரும். 365 நானோமீட்டர் டார்ச்சில் அது நன்றாகத் தெரியும், மலிவான 395 டார்ச்சில் அவ்வளவு தெரியாது. யுரேனியம் இரண்டிலும் பளீரென்று எரியும். காட்மியம் சேர்ந்த மஞ்சள், ஆரஞ்சு நிறங்கள் ஆரஞ்சாக ஒளிரும். மாங்கனீஸுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. முதல் உலகப் போரை ஒட்டிப் பெரும்பாலான ஆலைகள் செலீனியத்துக்கு மாறிவிட்டதால், மாங்கனீஸ் ஒளிர்வு கொஞ்சம் பழைய காலத்தின் பக்கம் சாய்கிறது. சாய்கிறது என்றுதான் சொல்கிறேன், அதற்கு மேல் இல்லை.

வண்ணக்குடுவை எழுதியது:

இருக்கிறது! வளையத்துக்கு உள்ளே முட்டை வடிவக் கோடு, அதற்குள் சாய்ந்த எழுத்தில் பெயர். எண் எதுவும் இல்லை. இத்தனை நாள் அதைக் கீறல் என்று நினைத்திருந்தேன்.

நீலத்துகள் எழுதியது:

எண் இல்லை என்றால் 1970கள். கிண்ணம் முடிந்தது. அழகான கிண்ணம், தினமும் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.

பழஞ்சரக்கு எழுதியது:

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். என்னிடம் அச்சில் அழுத்திய ஊதாநிறச் சின்னத் தட்டு இருக்கிறது. அடியில் சாய்சதுரம், அதன் தலையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ரோமன் மூன்று. பக்கத்தில் மயில் தலை.

அரக்குமுத்திரை எழுதியது:

கொடுத்து வைத்தவர். சாய்சதுரம் இங்கிலாந்தின் பதிவு செய்த வடிவமைப்புக் குறி, 1842 முதல் 1883 வரை. தலையிலுள்ள ரோமன் மூன்று கண்ணாடி வகுப்பு. மயில் தலை சவர்பி என்ற ஆங்கிலக் கண்ணாடிக் கம்பெனியின் முத்திரை, 1876இல் பதிவானது. வருட எழுத்து 1867 வரை தலைமூலையில், 1868 முதல் வலது மூலையில். உங்களுக்கு வலது மூலை. ஒன்று ஞாபகம் வையுங்கள், அது வடிவம் பதிவான தேதி. தட்டு அதற்குச் சில வருடம் கழித்தும் செய்யப்பட்டிருக்கலாம். 1884 முதல் சாய்சதுரம் போய், ஒன்றிலிருந்து தொடங்கும் பதிவு எண் வந்துவிட்டது.

ஊதுகுழல் எழுதியது:

லோட்ஸ் சாடியை எடுங்கள். எனக்கு அதுதான் ஆவல். கையெழுத்து எங்கே இருக்கிறது? பள்ளத்துக்குள்ளா, வெளியேயா?

வண்ணக்குடுவை எழுதியது:

பள்ளத்தின் ஓரத்தில் தொடங்குகிறது. 'ஆஸ்ட்ரியா' என்ற சொல்லின் கடைசி இரண்டு எழுத்து மட்டும் வெளியே வந்து, சாடி மேசையில் உட்காரும் வளையத்தின் மேல் ஏறியிருக்கிறது.

ஊதுகுழல் எழுதியது:

நல்ல வேளை. அந்த இரண்டு எழுத்து போதும்.

சாடி உட்காரும் வளையத்தில் மட்டும்தான் தேய்மானம் வரும். பள்ளத்துக்குள் எதுவும் உரசாது, அங்கே கீறல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். வளையத்தில் உண்மையான தேய்மானம் எப்படி இருக்கும் தெரியுமா? நீளமும் ஆழமும் திசையும் வேறு வேறான நூற்றுக்கணக்கான கீறல்கள். தூசிமேல் தள்ளியது, எடுத்து வைத்தது, துடைத்தபோது சுழன்றது எல்லாம் சேர்ந்தது. உப்புத்தாள் தேய்த்துப் போலி செய்தால் கீறல்கள் ஒரே ஆழத்தில், வரிசையாகப் போகும். பள்ளமும் மேடும் வித்தியாசம் இல்லாமல் தேய்ந்திருக்கும்.

இப்போது அந்த இரண்டு எழுத்தையும் அதிகபட்சப் பெரிதாக்கத்தில் பாருங்கள். கீறல்கள் எழுத்தின் மேலே ஏறிப் போகின்றனவா, அல்லது எழுத்து கீறல்களை வெட்டிக்கொண்டு போகிறதா? முதலில் எழுத்து இருந்து பிறகு தேய்ந்திருந்தால், எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும், உள்ளே அழுக்கு சேர்ந்து சாம்பல் நிறமாக இருக்கும். தேய்ந்த பிறகு எழுதியிருந்தால் ஓரம் கூராக, உள்ளே வெள்ளையாக இருக்கும். மின்சார எழுதுகோலாக இருந்தால் கோடு ஒரே இழுப்பாக இருக்காது. நுனி தட்டித் தட்டிப் போவதால் புள்ளிப் புள்ளியாகச் சேர்ந்த கோடாகத் தெரியும்.

வண்ணக்குடுவை எழுதியது:

மூன்று படம் இணைத்திருக்கிறேன், போனை லென்ஸின் மேல் வைத்து எடுத்தவை. வளையம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள், நீங்கள் சொன்ன மாதிரியே. ஒரு நீளமான கீறல் எழுத்தை நோக்கி வருகிறது, எழுத்தின் ஓரத்தில் நின்றுவிடுகிறது, மறுபக்கம் அதே கோட்டில் தொடர்கிறது. எழுத்துக்குள்ளே வெள்ளை. கோடு முழுக்க மணல் கொட்டிய மாதிரிப் புள்ளிகள்.

பழையபெட்டி எழுதியது:

அப்படியானால் கையெழுத்து பொய். ஆனால் அந்தக் கீறலே இன்னொன்றையும் சொல்கிறது. பெயரை எழுதியபோது சாடி ஏற்கெனவே வயதானது. பொய்யை எழுதியவரே சாடியின் முதுமைக்குச் சாட்சி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பளபளப்பைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது உலோக உப்புகளின் ஆவி பட்டு உண்டான படலம் அது. உங்கள் படத்தில் வளையத்தின் உயரமான இடங்களில் மட்டும் அது தேய்ந்து, பச்சை உடல் தெரிகிறது. தழும்பைக் கவனமாக மெருகேற்றியிருக்கிறார்கள். வடிவமும் 1900ஐ ஒட்டியது. லோட்ஸ் ஆலை 1900 பாரிஸ் கண்காட்சியில் பெரும்பரிசு வாங்கியது. அதே காலத்தில் கிராலிக், ரிண்ட்ஸ்கோப், பால்மே கோனிக் என்று பொஹீமியாவில் பல ஆலைகள் இதே பளபளப்பைச் செய்துகொண்டிருந்தன. பெயர் எழுதாத சாடிகள் எல்லாம் இன்று லோட்ஸ் என்ற ஒரே தலைப்பின் கீழ் குவிக்கப்படுகின்றன. மற்ற ஆலைகளின் வேலை அதில் காணாமல் போகிறது. எனக்கு இதில்தான் வருத்தம். உங்கள் சாடி கிராலிக் ஆக இருந்தால், அந்தப் பொய் எழுத்து ஒரு நல்ல பட்டறையின் பெயரையே மறைத்து நிற்கிறது.

மாடவிளக்கு எழுதியது:

பொய் எழுத்தை மெருகேற்றி எடுத்துவிடலாமா?

ஊதுகுழல் எழுதியது:

வேண்டவே வேண்டாம். அதை எடுக்க வளையத்தையும் சேர்த்து அரைக்க வேண்டும். நூறு வருடத் தேய்மானம் போய்விடும், வயதைக் காட்டுகிற ஒரே நேரடிச் சாட்சியும் அதோடு போய்விடும். எழுத்து இருக்கட்டும். பக்கத்தில் உண்மையை எழுதி வைத்தால் போதும்.

என் கண்ணுக்கு, உடலைச் சுற்றிய கண்ணாடி நூல்கள் ஒழுங்காக இழுபட்ட அலையாக இல்லை, பின்னிக் கிடக்கின்றன. லோட்ஸின் பினோமென் வரிசையில் நூலைச் சூட்டோடு கொக்கியால் இழுத்துச் சீரான அலை எழுப்புவார்கள். இது அந்தக் கை இல்லை. அதனால் நான் பால்மே கோனிக் பக்கம் பார்ப்பேன், பழையபெட்டி கிராலிக் ஆக இருக்கலாம் என்கிறார். பகல் வெளிச்சத்தில், கழுத்துக்குக் கீழே நூல் தொடங்குகிற இடத்தை நெருக்கமாக ஒரு படம் எடுங்கள். நூல் எங்கே ஒட்டி எங்கே அறுபடுகிறது என்று பார்க்க வேண்டும்.

வண்ணக்குடுவை எழுதியது:

நாளைக் காலை எடுத்துப் போடுகிறேன்.

இன்னொரு விஷயம். இன்று நோட்டை மறுபடி புரட்டினேன். லோட்ஸ் பக்கத்தில், பேனாவில் எழுதிய '1900 வாக்கில்' என்பதற்கு அருகில் பென்சிலால் ஒரு சின்ன வினாக்குறி இருக்கிறது. மற்ற எந்தப் பக்கத்திலும் இல்லை. பெரியப்பாவும் அடிப்பாகத்தைப் பார்த்திருக்கிறார்.

அவர் எழுதியதை அடிக்காமல், கீழே நானும் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: 'பொஹீமியா, 1900ஐ ஒட்டி. ஆலை இன்னும் தெரியவில்லை. கையெழுத்து பிற்காலத்தில் சேர்த்தது, தேய்மானக் கீறல்களை வெட்டிப் போகிறது. எழுத்தை அழிக்கக் கூடாது.' காலே பக்கத்தில்: 'காலே வகை, ருமேனியா. பெயருக்கு வலதுபுறம் மூன்றெழுத்து அரைத்து எடுக்கப்பட்டிருக்கிறது.' கிண்ணத்துக்கு: 'ஃபென்டன், 1970கள். முத்திரை வளையத்துக்குள், சாய்வு வெளிச்சத்தில் மட்டும் தெரியும்.'

மீதிப் பதினான்கையும் திருப்பிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன்.